சிலிண்டர் யாருக்குச் சொந்தம்?

லிந்துலைப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் எம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார். கொழும்பில் இரும்பு வேலைத்தளமொன்றில் பல ஆண்டுகள் தொழில் பழகிவிட்டு ஊர் திரும்பியிருக்கும் அவர், குடியிருப்புக்கு அருகிலேயே சிறு பட்டறை ஒன்றை அமைக்க விரும்புகிறார். வெல்டிங் இயந்திரம் கையில் இருக்கிறது. தடித்த இரும்பை வெட்டுவதற்கான காஸ் கட்டிங் சாதனத்தையும் வாங்கிவிட்டார். எஞ்சியிருப்பவை சிலிண்டர்கள் மாத்திரமே. அவற்றை விலைக்கு வாங்குவதா அல்லது வாடகைக்கு எடுப்பதா என்பதே அவரது கேள்வி.

அரசியல் விவகாரங்களை அலசும் இந்தப் பக்கத்தில் இதற்கு என்ன இடம் என்று வாசகர்கள் சிலர் எண்ணக்கூடும். ஆனால், கொழுந்து பறிக்கும் தாயின் சேமிப்பும் அடகு வைத்த நகையும் சேர்ந்ததுதான் இந்த இளைஞரின் முதலீடு. அது தவறான இடத்தில் முடங்கினால் அவர் மீண்டும் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும். அத்துடன், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடியிருக்கும் அயலவர்களின் பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது. கலைத்துறையில் பட்டம் பெற்ற எமக்கு இத்துறையில் சொந்த அனுபவம் கிடையாது. தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு தருகிறோம்.

முதலில் ஒரு தெளிவு அவசியம். காஸ் கட்டிங் என்பது இரும்பை உருக்கி அறுக்கும் வேலை என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் அது இரும்பை எரிக்கும் வேலையாகும். எரிவாயுவும் ஒட்சிசனும் கலந்த சுடரால் இரும்பு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப்படுகிறது. அதன் பின்னர் தூய ஒட்சிசன் விசையோடு பாய்ச்சப்படும்போது, அந்த இடத்து இரும்பு விறகு போல எரிந்து கசடாகி வெளியே தள்ளப்படுகிறது. எனவே வெட்டுவது ஒட்சிசன். எரிவாயு வெறுமனே அடுப்பு மூட்டிக் கொடுக்கிறது. துருப்பிடிக்காத உருக்கையும் வார்ப்பிரும்பையும் இம்முறையில் ஒழுங்காக வெட்ட முடியாது என்பதும் குறிப்பிடத்தக்கது. பழைய தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களில் வார்ப்பிரும்புப் பாகங்கள் நிறையவே உண்டு. அவற்றை நம்பி இச்சாதனத்தை வாங்குவோர் ஏமாற்றமடைவர்.

ஆக, ஒரு பட்டறைக்கு இரண்டு சிலிண்டர்கள் தேவைப்படுகின்றன. இரண்டும் இரும்பு உருளைகளே என்றாலும் அவை ஒரே வகைப் பொருட்கள் அல்ல. வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்விக்கான பதிலில் பாதி இந்த வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

ஒட்சிசன் சிலிண்டர் உள்ளே வெறுமையான, கனத்த உருக்கு உருளை. 150 பார் அளவான அழுத்தத்தில் வாயு அதற்குள் அடைக்கப்படுகிறது. பட்டறைகளில் வழக்கமாகக் காணப்படும் பெரிய சிலிண்டர் சுமார் 7 கன மீற்றர் ஒட்சிசனைக் கொள்ளும். அந்த ஒட்சிசனின் நிறை 10 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதைச் சுமக்கும் இரும்போ 50 கிலோவுக்கும் அதிகம். அவிசாவளையிலிருந்து ஹட்டன், தலவாக்கலை ஊடாக லிந்துலையைத் தொட்டு நுவரெலியா நோக்கி ஏறும் ஏ-7 வீதியில் ஒவ்வொரு முறையும் பயணம் செய்வது பெரும்பாலும் இந்த இரும்புதான். காற்றிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வாயு மலிவானது. அதைச் சுமக்கும் உருளையும் அந்த உருளையைச் சுமக்கும் லொறியுமே செலவை உயர்த்துகின்றன.

அசற்றலீன் சிலிண்டரின் கதை வேறு. அதற்குள் வெற்றிடமே கிடையாது. நுண்துளைகள் நிறைந்த, கல்லைப் போன்ற ஒரு பொருள் உள்ளே நிரப்பப்பட்டு, அதில் அசற்றோன் என்னும் திரவம் ஊற வைக்கப்பட்டுள்ளது. வாயு அந்தத் திரவத்தில் கரைந்த நிலையிலேயே இருக்கிறது. காரணம், அசற்றலீன் தனித்த வாயுவாக ஒரு சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலுக்கு மேல் அழுத்தப்பட்டால், காற்றின் துணை கூட இன்றித் தானாகவே வெடித்துச் சிதறும் தன்மையுடையது. இதனைப் பாதுகாப்பாகச் சேமிக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் குஸ்தாப் டாலேன். 1912ஆம் ஆண்டு பரிசோதனையொன்றின்போது அசற்றலீன் வெடித்து அவர் தமது பார்வையை இழந்தார். அதே ஆண்டின் இறுதியில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இந்த வாயுவை நன்கறிந்த ஒருவருக்கே நேர்ந்த கதி இது.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் புலப்படுகின்றன. அசற்றலீன் சிலிண்டரின் உள்ளடக்கம் காலப்போக்கில் சிதையக்கூடியது, அசற்றோன் குறையக்கூடியது. அதனை ஆராய்ந்து சீர்செய்ய உரிய தொழிற்சாலையால் மட்டுமே முடியும். ஆகவே இதனை விலைக்கு வாங்கும் ஒருவர், தம்மால் திறந்து பார்க்கவோ சீர்செய்யவோ நிரப்பவோ முடியாத பொருளுக்கு உரிமையாளராகிறார். இரண்டாவதாக, இந்தச் சிலிண்டரிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் அதன் கொள்ளளவின் ஏழில் ஒரு பங்குக்கு மேல் வாயுவை இழுக்கலாகாது என்பது தொழில் விதி. வாடகை குறைவென்று மிகச் சிறிய சிலிண்டரை எடுத்து, பெரிய முனையைப் பூட்டி வேலை செய்வோர், வாயுவோடு அசற்றோனையும் சேர்த்து உறிஞ்சி எடுக்கின்றனர். சிலிண்டரைப் படுக்க வைத்துப் பாவிப்பதாலும் இதுவே நிகழும். முச்சக்கர வண்டியின் பின் இருக்கையில் படுத்தபடி வந்து சேரும் சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, சில மணித்தியாலங்களேனும் தாமதித்த பின்னரே திறக்க வேண்டும். மூடிய வண்டியில் அதனை ஏற்றுவதே தவறு என்பது வேறு விடயம்.

இனி, சொந்தம் என்ற சொல்லுக்கு வருவோம். காஸ் சிலிண்டர் விடயத்தில் சொந்தம் என்பதன் உண்மையான பெறுமதி என்ன என்பதை நம் நாட்டுக் குடும்பங்கள் தமது அடுப்படியிலேயே பட்டு அறிந்திருக்கின்றன.

கொழும்பு காஸ் கம்பனியின் 51 வீதப் பங்குகள் 1995இல் ஷெல் நிறுவனத்திடம் சென்றன. சில ஆண்டுகளின் பின் லாஃப்ஸ் நிறுவனமும் சந்தைக்கு வந்தது. 2010 நவம்பரில் அரசாங்கம் 63 மில்லியன் டொலர் கொடுத்து ஷெல்லின் பங்குகளை மீளப் பெற்றுக்கொண்டதைத் தொடர்ந்து லிட்ரோ என்ற பெயர் தோன்றியது. இரு நிறுவனங்களுக்கும் இரு நிறச் சிலிண்டர்கள், இரு வகை ரெகுலேட்டர்கள். எந்த நிறத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தோமோ அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளராகவே நாம் இருந்துவிட்டோம். 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டரின் விலை 2,675 ரூபாவுக்கும், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கும் சென்றது. விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் காஸ் கிடைக்கவில்லை. வீதியோரங்களில் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டு மக்கள் நாட்கணக்கில் காத்திருந்தனர். தமக்குரிய நிறச் சிலிண்டரை நிரப்பிக்கொள்ள வழியற்றிருந்தவர்களுக்கு அந்த இரும்பு வீட்டில் இருந்தும் இல்லாததற்குச் சமமே. முதன்முதலில் தாம் கட்டிய பணம் சிலிண்டரின் விலையா அல்லது வைப்புப் பணமா என்பது கூட எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருப்போர் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

ஒட்சிசனும் இவ்வாறே கைக்கெட்டாமல் போன காலம் ஒன்றுண்டு. கொவிட் தொற்று உச்சத்தில் இருந்தபோது, இந்திய மத்திய அரசு 2021 ஏப்ரல் 22ஆம் திகதி முதல் ஒன்பது தொழில்துறைகளைத் தவிர ஏனைய தொழில்களுக்கு ஒட்சிசன் வழங்குவதைத் தடை செய்தது. இலங்கையும் அதே ஆண்டு ஓகஸ்டில் இந்தியாவிலிருந்து கப்பல் வழியாகத் திரவ ஒட்சிசனைத் தருவிக்க நேர்ந்தது. உயிர் காப்பதே முதற்கடமை என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. இங்கே நாம் சுட்டிக்காட்ட விரும்புவது, அக்காலத்தில் சொந்தச் சிலிண்டர் வைத்திருந்த பட்டறைக்காரருக்கும் வாடகைச் சிலிண்டர் வைத்திருந்தவருக்கும் வேறுபாடு எதுவும் இருக்கவில்லை என்பதையே. ஒரேயொரு வேறுபாடு, முன்னவரின் பணம் இரும்பில் முடங்கியிருந்தது. பின்னவர் வேலை இல்லாத நாட்களுக்கும் வாடகை கொடுத்தார்.

சிலிண்டர் சந்தையில் உண்மையில் இரண்டல்ல, மூன்று ஏற்பாடுகள் உண்டு. முழு விலை கொடுத்து வாங்கி, அதே சிலிண்டரை நிரப்பக் கொடுத்து அதே சிலிண்டரைத் திரும்பப் பெறுவது ஒன்று. மாத வாடகைக்கோ நாள் வாடகைக்கோ எடுப்பது மற்றொன்று. வைப்புப் பணம் கட்டி, வெறும் சிலிண்டரைக் கொடுத்து நிரம்பிய வேறொரு சிலிண்டரை மாற்றிக்கொள்வது மூன்றாவது. மூன்றாவது முறையில் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் எவருக்கும் சொந்தமாவதில்லை. ஒரு சிலிண்டருக்கான உரித்தே வாடிக்கையாளரிடம் இருக்கிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனெனில், உயரழுத்தச் சிலிண்டர்களைக் குறித்த காலத்துக்கு ஒரு தடவை, வழக்கமாக ஐந்தாண்டுகளுக்கு ஒரு தடவை, நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். சொந்தச் சிலிண்டராயின் சோதனைக்கான செலவும் அலைச்சலும் சொந்தக்காரருடையவை. சோதனையில் தேறாவிட்டால் அவருடைய முதல் முழுவதும் பழைய இரும்பு விலைக்குப் போய்விடும். வாடகையிலும் மாற்று முறையிலும் இந்தப் பொறுப்பு கம்பனியைச் சேர்ந்தது. முஸ்லிம் வாசகர்களுக்கு இது புதிதல்ல. வாடகைக்குப் பெற்ற பொருள் எடுத்தவரின் கையில் அமானிதம் என்றும், அவரது கவனயீனமின்றிப் பொருளுக்கு ஏற்படும் குறை உடைமையாளரையே சாரும் என்றும் இஜாரா பற்றிய சட்டம் கூறுகிறது.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பின்வரும் தொகைகள் சந்தை விலைகள் அல்ல, விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. ஒரு சிலிண்டரின் விலை 60,000 ரூபா என்றும் மாத வாடகை 1,000 ரூபா என்றும் கொள்வோம். வாடகையாகக் கொடுக்கும் தொகை விலைக்குச் சமமாக 60 மாதங்கள், அதாவது ஐந்து ஆண்டுகள் செல்லும். மிகச் சரியாக அந்த வேளையில்தான் சொந்தச் சிலிண்டர் சோதனைக்குப் போக வேண்டியிருக்கும். அடகு வைத்த நகைக்கு அந்த ஐந்தாண்டுகளில் செலுத்தும் வட்டியையும் சேர்த்தால் வாங்குவது மேலும் நட்டமாகிறது. மாறாக, வாடகை 3,000 ரூபாவாக இருந்தால் இருபது மாதங்களிலேயே வாங்குவது இலாபகரமாகிவிடும். எனவே விலையை வாடகையால் வகுத்து வரும் மாத எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அது இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கி, வேலையும் மாதந்தவறாமல் வருமென்றால் ஒட்சிசன் சிலிண்டரை வாங்குவதில் பிழையில்லை. அசற்றலீன் சிலிண்டரை, கணக்கு எப்படி வந்தாலும், வாங்க வேண்டாம் என்பதே எமது கருத்து.

தாளில் போடும் இந்தக் கணக்கு லிந்துலையில் அப்படியே செல்லுபடியாகாது என்பதுதான் வேதனைக்குரியது. வாடகைக்குக் கொடுப்பவர் நிரந்தர முகவரி கேட்பார். பிணை நிற்க ஒருவரைக் கேட்பார். லயன் அறையில் வசிப்பவருக்கு வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கொண்ட தனி முகவரி எங்கே இருக்கிறது? கடிதமே தோட்ட அலுவலகத்தின் வழியாகத்தான் வந்து சேர்கிறது. அரச காணியைத் தோட்டக் கம்பனிகள் 53 ஆண்டுக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. 1992இல் தொடங்கிய அந்தக் குத்தகை 2045 வரை செல்லும். அந்தக் காணியில் நாலைந்து தலைமுறையாக வாழும் தொழிலாளியின் லயன் அறையோ அவருக்குச் சொந்தமும் இல்லை, முறையான வாடகை உடன்படிக்கையின் கீழும் இல்லை. ஏழு பேர்ச் காணியும் உறுதிப் பத்திரமும் கிடைத்தவர்கள் இன்னமும் சிறுபான்மையினரே. வாடகைக்குத் தருவார் இல்லாத நிலையில், இந்த இளைஞர்கள் கடன்பட்டேனும் வாங்கும் நிலைக்குத் தள்ளப்படுகின்றனர். புதிது வாங்க வசதியில்லாதவர் பழையதை வாங்குகிறார். அவர் விரும்பித் தெரிந்தெடுத்த வழி அல்ல இது.

பழைய சிலிண்டர் வாங்குவதில் உள்ள சிக்கல்களைச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. சிலிண்டரின் தோட்பட்டைப் பகுதியில் தொடர் இலக்கம், வெறும் நிறை, நீர்க்கொள்ளளவு, சோதனை அழுத்தம், கடைசியாகச் சோதிக்கப்பட்ட மாதமும் ஆண்டும் என்பன உளியால் பொறிக்கப்பட்டிருக்கும். கம்பனியின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருந்தால் அது அநேகமாக அக்கம்பனியின் உடைமை. எவரோ வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்காமல் விட்ட பொருளாக இருக்கலாம். அதைப் பணம் கொடுத்து வாங்கியவர் நிரப்பும் நிலையத்துக்குக் கொண்டு செல்லும்போது சிலிண்டரும் போய், பொலிஸ் விசாரணையும் வந்து சேரும். எழுத்துகள் அரைத்து அழிக்கப்பட்ட சிலிண்டரைத் தொடவே வேண்டாம். புதிதாக மை பூசிய சிலிண்டராயின் மைக்குக் கீழே என்ன நிறம் இருக்கிறது என்று சுரண்டிப் பார்க்க வேண்டும். எம் நாட்டு வழக்கில் ஒட்சிசனுக்குக் கறுப்பு, அசற்றலீனுக்குச் செம்பழுப்பு. எரிவாயுப் பக்கத்து இணைப்புகளின் மரை இடப்புறம் சுழல்வதும் இவ்விரண்டையும் மாற்றிப் பூட்டாதிருப்பதற்காகவே. ஊரில் நம்பிக்கையான பழைய இரும்பு வியாபாரிகள் பலர் இருக்கின்றனர். அவர்கள் கூட, சிலிண்டர் என்று வந்தால் பற்றுச்சீட்டு இல்லாமல் கை வைப்பதில்லை என்று எம்மிடம் கூறினர்.

அசற்றலீனுக்குப் பதிலாகச் சமையல் காஸைப் பாவித்தால் என்ன என்று பலர் கேட்கின்றனர். வெட்டும் வேலைக்கு மட்டுமென்றால் பாவிக்கலாம். பல பட்டறைகளில் இன்று அதுவே நடைமுறை. சிலிண்டர் பக்கத்து நகரக் கடையிலேயே கிடைக்கும் என்பதும் பெரும் வசதி. ஆயினும் அதற்குரிய முனையும் உயரழுத்த ரெகுலேட்டரும் வேறு. வீட்டு அடுப்பு ரெகுலேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு நேரடியாகக் குழாயைப் பூட்டுவது தற்கொலைக்குச் சமம். இரும்பு சூடேறச் சற்று நேரம் கூடுதலாகும். ஒட்சிசனும் கூடுதலாகச் செலவாகும். அசற்றலீனுக்கு ஏறத்தாழ அதன் அளவேயான ஒட்சிசன் போதுமென்றால், சமையல் காஸுக்கு நான்கு மடங்களவு வேண்டும். எரிவாயுவில் மிச்சம் பிடித்ததை ஒட்சிசனிலும் லொறிக் கூலியிலும் ஓரளவு திருப்பிக் கொடுக்க நேரிடும்.

மலைநாட்டுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. சமையல் காஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேனின் கொதிநிலை பூச்சிய பாகைக்குச் சற்றே கீழ். மார்கழி, தை மாதங்களின் விடியற் குளிரில் பியூட்டேன் மிகுந்த கலவை சரியாக ஆவியாகாது. சுடர் சோம்பிப் போகும். அப்போது சிலிண்டரை அடுப்பருகே வைப்பதும் அதன் மீது கொதிநீர் ஊற்றுவதும் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. நாட்டில் அடுத்தடுத்துக் காஸ் வெடிப்புகள் நிகழ்ந்த 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களை மறந்துவிட்டார்களா இவர்கள்? வெயில் ஏறும் வரை பொறுத்திருப்பதே இதற்கு மருந்து.

இன்னொரு வழி, கல்சியம் காபைட்டை வாங்கித் தண்ணீர் ஊற்றி வீட்டிலேயே அசற்றலீனை உண்டாக்குவது. சிலிண்டரே தேவையில்லை என்று முதியவர்கள் சிலர் இதனைப் பரிந்துரைக்கக்கூடும். ஒரு கிலோ காபைட்டிலிருந்து 300 லீற்றர் அளவு வாயு வரும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பீப்பாய்களில் அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிய வழியில்லை. பின்னோக்கிப் பாயும் ஒரு சுடர் போதும், எல்லாம் முடிந்துவிடும். லயன் குடியிருப்பின் அயலில் இதற்கு எந்த நியாயமும் இல்லை.

லயன் என்றதும் நெருப்பே நினைவுக்கு வருகிறது. ஓர் அறையில் பிடித்த தீ வரிசை முழுவதையும் சாம்பலாக்கிய செய்திகளை நாம் எத்தனை முறை பிரசுரித்திருக்கிறோம்! சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். பக்கத்து அறையில் விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ஒட்சிசன் எரியாது, ஆனால் எரிவதை வெறி கொள்ளச் செய்யும். ஒட்சிசன் வால்வில் எண்ணெய், கிறீஸ் பட்டாலே தீப்பற்றக்கூடும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு அதனைத் திருகக் கூடாது. சொந்தமோ வாடகையோ, சிலிண்டர்கள் குடியிருப்புக்கு வெளியே, காற்றோட்டமான தகரக் கொட்டிலில், நிமிர்ந்த நிலையில், சங்கிலியால் கட்டப்பட்டு, ஒட்சிசனும் எரிவாயுவும் ஒன்றுக்கொன்று தள்ளியே இருக்க வேண்டும். இரு குழாய்களிலும் சுடர் திரும்பிப் பாய்வதைத் தடுக்கும் வால்வுகளைப் பொருத்துவதற்கு ஆகும் பணத்தை எக்காரணம் கொண்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இந்தக் கொட்டிலை அமைக்க இடம் வேண்டும். இடத்துக்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தொழில் பழகிய இளைஞர்களுக்குத் தோட்டமும் தலவாக்கலை - லிந்துலை நகர சபையும் சேர்ந்து ஒரு பொதுப் பட்டறைக் கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தால், ஒரு சோடி சிலிண்டரை நாலைந்து பேர் வாடகைக்கு எடுத்துப் பகிர்ந்து கொள்ளலாம். முகவரிப் பிரச்சினையும் தீரும். தேர்தல் காலங்களில் தொழிற்பயிற்சி நிலையங்களைத் திறந்து வைப்போர், பயிற்சி முடித்தவன் எங்கே நின்று இரும்பை வெட்டுவான் என்பதையும் யோசிக்கலாம்.

எமது இளைஞருக்கு நாம் எழுதிய பதில் சுருக்கமானது. கதவு, ஜன்னல் கிறில் வேலைகளுக்கு மின்சாரக் கிரைண்டரே போதும். அதற்காகச் சிலிண்டர் தேடி அலைய வேண்டாம். லொறிச் சட்டம், தடித்த தகடு, பழைய இரும்பு என்று வேலை வந்தால் முதல் ஆறு மாதங்களுக்கு ஒட்சிசனை மட்டும் வாடகைக்கோ மாற்று முறையிலோ எடுங்கள். எரிவாயுவுக்கு உரிய ரெகுலேட்டருடன் சமையல் காஸைப் பாவியுங்கள். எத்தனை சிலிண்டர் முடிந்தது, எத்தனை நாள் சும்மா நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வாங்குவது பற்றி அந்தக் கொப்பியைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். கட்டும் பணம் விலையா, வைப்பா, திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம்.

அவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. பக்கத்து நகரில் இரும்புக்கடை வைத்திருக்கும் நானா ஒருவர் பிணை நிற்க இணங்கியிருக்கிறாராம். கொட்டில் போட இடம் கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுத்த கடிதத்துக்குத்தான் இன்னும் பதில் இல்லை.